நகரவும் வேண்டும், நிற்கவும் வேண்டும்

ஜார்ஜ்டவுனிலிருந்து பாலிக் புலாவுக்குச் செல்வோர் மலையைக் கடந்தாக வேண்டும். வளைந்து வளைந்து ஏறி இறங்கும் சாலையின் மறுபக்கத்தில், ஜாதிக்காய்த் தோட்டங்களும் டுரியான் தோப்புகளும் சூழ அந்தச் சிறு நகரம் அமைந்திருக்கிறது. ‘தீவின் பின்புறம்’ என்பதே அதன் பெயருக்குப் பொருள். அங்குள்ள கடைவீதியில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் பழைய கடைவீடுகளை இன்றும் காணலாம். அவற்றின் முகப்பு குறுகலானது, உட்பகுதியோ நீளமானது. மேல்மாடிக்குக் கீழே, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க ஒரு நடைபாதை உண்டு. ‘காக்கி லீமா’ என்று நாம் அனைவரும் அறிந்த ஐந்தடி நடைபாதை அதுதான். 1822ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் நகர அமைப்புக்கு ராஃபிள்ஸ் வகுத்த விதிகளில் இத்தகைய நடைபாதை கட்டாயமாக்கப்பட்டது. பினாங்கு உள்ளிட்ட பல ஊர்களின் கடைவீடுகளிலும் இந்த அமைப்பு காணப்படுகிறது.

இப்படிப்பட்ட ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு தச்சுப் பட்டறை இருப்பதாகக் கொள்வோம். அங்கு வேலை செய்பவர் அறுபது வயதை எட்டிய ஒரு தச்சர். பட்டறையின் நடுவில் கனமான ஒரு வேலைமேசை நிற்கிறது. நீளமான பலகைகளை உள்ளே கொண்டுவர வேண்டுமானால் மேசையை ஓரமாகத் தள்ள வேண்டும். கதவுச் சட்டம் போன்ற பெரிய பொருளைப் பொருத்த வேண்டுமானால் வெளிச்சம் விழும் முன்பக்கத்திற்கு அதை இழுக்க வேண்டும். மாலையில், வீட்டார் போய்வர வழி விட்டு மீண்டும் சுவரோரம் சேர்க்க வேண்டும். முன்பு உதவியாளர் ஒருவர் இருந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினர். இப்போது தச்சர் மட்டுமே இருக்கிறார். மேசையை நகர்த்த முடியாத நாளில் பெரிய வேலை எதையும் அவரால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. ஒருமுறை தனியாக இழுக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் பட்டறை திறக்கவில்லை.

படிவம் மூன்றில் பயிலும் அவருடைய அண்ணன் மகள் ஒரு நாள் கேட்டாள்:

“சித்தப்பா, மேசைக்கு நான்கு சக்கரம் பொருத்திவிட்டால் போதாதா?”

“பொருத்தலாம், அம்மா. அதற்குப் பிறகு அது மேசையாக இருக்குமா, வண்டியாகிவிடுமா என்பதுதான் தெரியவில்லை,” என்றார் அவர்.

அவர் விளையாட்டாகச் சொன்னதுபோல் தோன்றினாலும், இந்தக் கட்டுரை ஆராயப்போகும் சிக்கல் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

வேலைமேசை ஏன் கனமாக இருக்கிறது? மரத்தை வீணாக்கும் ஆசையால் யாரும் அதைக் கனமாகச் செய்வதில்லை. பழங்காலத் தமிழகத் தச்சர்கள் பெரும்பாலும் தரையில் அமர்ந்தே வேலை செய்தனர். மரத்தைக் காலால் பிடித்துக்கொண்டு கையால் உளியை இயக்கினர். அங்கே தரைதான் மேசை. தரையை யாராலும் தள்ள முடியாது. நின்றுகொண்டு வேலை செய்யும் முறை வந்தபோது, தரைக்கு இருந்த அந்த அசையாத் தன்மையை மேசைக்கும் தர வேண்டியதாயிற்று. தடித்த பலகையும் பருத்த கால்களும் அதற்காகவே அமைந்தன. இழைப்புளியால் மரத்தை இழைக்கும்போது நம் வலிமை முழுவதும் மரத்தைச் சீவுவதற்குச் செலவாக வேண்டும். மேசை சற்றே நகர்ந்தாலும் அந்த வலிமையில் ஒரு பகுதி வீணாகிறது. சீவலும் சீராக வராது.

இதை எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மேசையும் அதன்மேல் உள்ள வைஸ், கருவிகள், மரங்கள் அனைத்தும் சேர்ந்து 150 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அது தரையை ஏறத்தாழ 1500 நியூட்டன் விசையுடன் அழுத்தும். மரக்கால்கள் சிமெண்டுத் தரையில் உராயும்போது, அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ பாதியளவு விசையைக் கொடுத்தால்தான் மேசை நகரும். அதாவது 750 நியூட்டன் தேவை. இது 75 கிலோகிராம் எடையைத் தூக்குவதற்கு வேண்டிய விசைக்குச் சமம். அறுபது வயதுக்காரர் ஒருவர் நாள்தோறும் செய்யக்கூடிய வேலையன்று.

அதே மேசை நல்ல சக்கரங்களில் நின்றால், வழவழப்பான தரையில் அதை உருட்ட ஏறத்தாழ 45 நியூட்டன் போதும். ஒரு கையால் தள்ளலாம். அண்ணன் மகளின் யோசனை சரிதான் என்று இப்போது தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுத்துப் பார்ப்போம். இழைப்புளியை அழுத்தித் தள்ளும் ஒருவர் 100 நியூட்டனுக்கு மேற்பட்ட விசையை எளிதாகச் செலுத்துவார். 750 நியூட்டனுக்கு அசையும் மேசை அந்த விசைக்கு அசையாமல் நிற்கும். 45 நியூட்டனுக்கே உருளும் மேசையோ, இழைப்புளியோடு சேர்ந்து தானும் ஓடத் தொடங்கும். எதை நாம் நன்மை என்று சக்கரத்தில் தேடினோமோ அதுவே வேலை நேரத்தில் தீமையாகிறது.

ஒரு பள்ளிப் பட்டறையில் இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். சக்கரம் பொருத்திய மேசை ஒன்றில் ஒரு மாணவன் பலகையை அறுத்துக்கொண்டிருந்தான். ரம்பத்தை முன்னே தள்ளும்போது மேசையும் விரலளவு முன்னே சென்றது. பின்னே இழுக்கும்போது பின்னே வந்தது. ஐந்தாறு முறைக்குப் பின் ரம்பம் கோட்டை விட்டுத் துள்ளிவிட்டது. மாணவனின் கட்டைவிரலில் சிறு கீறல் மட்டுமே ஏற்பட்டது. சக்கரத்தின் பிரேக் அழுத்தப்பட்டுத்தான் இருந்தது என்பதுதான் வியப்பு. அதற்கான காரணத்தைப் பின்னர்க் காண்போம்.

உருள வேண்டியதை உருட்டுவதும் நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் தமிழர்களுக்குப் புதிய சிக்கல் அன்று. கோயில் தேரை நினைத்துப் பாருங்கள். திருவாரூர்த் தேர் அலங்காரத்துடன் ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டது என்பர். வடம் பிடித்து இழுப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கலாம்; ஆனால், தேரை நிறுத்துவது அவர்களால் ஆகாது. ஓடும் சக்கரத்தின் முன்னே உரிய நேரத்தில், உரிய கோணத்தில் முட்டுக்கட்டை இடும் சிலரே தேரை நிறுத்துகின்றனர். தெரு முனையில் திருப்புவதும் அவர்களே. ஆப்பு வடிவில் செதுக்கிய அந்த மரக்கட்டையின்மேல் சக்கரம் ஏறும்போது அதன் வேகம் குறைகிறது. கட்டையை ஒரு பக்கச் சக்கரத்திற்கு மட்டும் இட்டால் தேர் அந்தப் பக்கம் திரும்புகிறது. பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளியிலுள்ள பெல் நிறுவனத்தின் உதவியுடன் திருவாரூர்த் தேருக்கு நீரியல் பிரேக்குகளும் பொருத்தப்பட்டன.

நம் பினாங்கிலும் தைப்பூசத்திற்கு முதல் நாள் வெள்ளித்தேர் ஜார்ஜ்டவுன் தெருக்களில் புறப்படுகிறது. வழிநெடுகத் தேங்காய் உடைப்பதற்கும் அர்ச்சனைத் தட்டுகளைப் பெறுவதற்கும் அது அடிக்கடி நின்று நின்று செல்ல வேண்டியிருக்கிறது. ஊர்வலத்தைப் பார்க்கும்போது நம் கண்கள் தேரின் உச்சியையே நோக்கும். அடுத்த முறை, தேர் நிற்கும்போது சக்கரத்தின் அருகில் நிற்பவர்களையும் ஒரு கணம் கவனியுங்கள்.

வேலைமேசைக்கு இன்னும் நெருங்கிய உறவு தள்ளுவண்டி. பினாங்கின் புகழ்பெற்ற நாசி கண்டார் உணவு, தொடக்கத்தில் தோளில் சுமந்து விற்கப்பட்டது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் ஒரு நீண்ட கழியின் இரு முனைகளிலும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டு, துறைமுகத் தொழிலாளர்களைத் தேடிச் சென்றனர். சுமை தோளில் இருந்தவரை, விற்கும் இடத்தில் அதை இறக்கி வைத்தால் அது தானாகவே நின்றது. மீ கோரேங், செண்டோல் என ஜார்ஜ்டவுனின் அங்காடி உணவுகள் தள்ளுவண்டிகளில் வலம் வந்தபோது, அந்த வண்டியே அடுப்பாகவும் நறுக்கும் மேசையாகவும் பரிமாறும் இடமாகவும் ஆயிற்று. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி இருக்கும் வண்டி ஓர் அங்குலம் நகர்ந்தாலும் ஆபத்து. ஆகவே, வியாபாரி இடத்தை அடைந்ததும் செய்யும் முதல் வேலை அடுப்பை மூட்டுவதன்று. சக்கரத்திற்குக் கல்லோ கட்டையோ வைப்பதுதான்.

தமிழ்நாட்டுத் தெருக்களில் காணப்படும் இஸ்திரி வண்டியும் சக்கரம் பொருத்திய வேலைமேசையே. திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்னும் பள்ளி மாணவி, கரியால் சூடேறும் இஸ்திரிப் பெட்டிக்கு மாற்றாகச் சூரிய ஆற்றலால் இயங்கும் வண்டியை வடிவமைத்தார். அதற்காக 2020இல் சுவீடனைச் சேர்ந்த சிறுவர் பருவநிலைப் பரிசைப் பெற்றார்; 2021இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றுக்கும் தேர்வானார். அவ்வாண்டு கிளாஸ்கோவில் நடந்த பருவநிலை மாநாட்டில் உரையாற்றினார். உலகம் அவருடைய வண்டியின் கூரையிலிருந்த சூரியத் தகட்டைப் பாராட்டியது, அது நியாயமே. எனினும் துணிமேல் பெட்டியை அழுத்தித் தேய்க்கும் ஒருவருக்கு, அந்த வண்டி ஆடாமல் நிற்பதும் அதே அளவு முக்கியம்.

இனித் தச்சரின் பட்டறைக்குத் திரும்புவோம். அறைகலன்களுக்குப் பொருத்தும் சிறு சக்கரத்தைக் காஸ்டர் என்கிறோம். பேரங்காடித் தள்ளுவண்டியின் முன் சக்கரத்தை உற்றுப் பார்த்தால் அதன் அமைப்பு விளங்கும். சக்கரத்தைத் தாங்கும் கவை செங்குத்தான ஓர் அச்சில் சுழல்கிறது. ஆனால், சக்கரம் அந்த அச்சுக்கு நேர்கீழே இல்லை. சற்று விலகி இருக்கிறது. அதனால், நாம் எந்தத் திசையில் தள்ளினாலும் சக்கரம் தானாகச் சுழன்று பின்னால் வந்து தொடர்கிறது. நாய்க்குட்டி எஜமானைத் தொடர்வதுபோல என்று சொல்லலாம்.

அந்த விலகலே பள்ளிப் பட்டறையில் நடந்ததற்குக் காரணம். எளிய பிரேக் சக்கரம் உருளுவதை மட்டுமே தடுக்கிறது. கவை சுழல்வதை அது தடுப்பதில்லை. உருளாத சக்கரம் தரையில் ஒட்டி நிற்க, மேசையின் கால் அதைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஆடுகிறது. மேசை பூட்டியிருப்பதாக நாம் நம்புகிறோம். அதுவோ ஊஞ்சல்போல் அசைகிறது. உருளுதல், சுழலுதல் இரண்டையும் ஒரே மிதியில் பூட்டும் காஸ்டர்களும் கடைகளில் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான். நான்கு கால்களுக்கும் காஸ்டர் பொருத்துவதாக இருந்தால் அவற்றைத்தான் வாங்க வேண்டும். பிரேக் இல்லாத காஸ்டரை வேலைமேசைக்குப் பொருத்துவது, என் கருத்தில், மேசையைக் கெடுப்பதற்கு எளிதான வழி.

காஸ்டர் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பது அதன் பெட்டியிலோ தகட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். 150 கிலோகிராமை நான்கால் வகுத்து 37.5 என்று விடை காண்பது கணிதத் தேர்வில் சரி, பட்டறையில் தவறு. சிமெண்டுத் தரை எங்கும் சமமாக இருப்பதில்லை. ஒரு சக்கரம் பள்ளத்தின்மேல் வரும்போது அது அந்தரத்தில் நிற்க, எஞ்சிய மூன்றுமே சுமையைத் தாங்குகின்றன. எனவே மூன்றால் வகுக்க வேண்டும். ஒரு சக்கரத்திற்கு 50 கிலோகிராம் வரும். அதற்கும் சற்று மேலாகத் தாங்குவதை வாங்குவதே முறை.

சக்கரத்தின் அளவும் சாதாரணச் செய்தியன்று. கடைவீட்டின் வாசற்படி 10 மில்லிமீட்டர் உயரமே இருப்பதாகக் கொள்வோம். விட்டம் 50 மில்லிமீட்டர் உள்ள சக்கரத்தை அதன்மேல் ஏற்ற, அந்தச் சக்கரம் தாங்கும் எடையைப்போல் ஒன்றேகால் மடங்குக்கும் சற்று மேற்பட்ட கிடைமட்ட விசை தேவை. விட்டம் 100 மில்லிமீட்டரானால் எடையில் முக்கால் பங்கு விசை போதும். சக்கரம் பெரிதாகப் பெரிதாகத் தடை சிறிதாகிறது. மாட்டு வண்டிக்கு ஆளுயரச் சக்கரம் பொருத்திய நம் முன்னோர் இந்தக் கணக்கை ஏட்டில் எழுதாமலேயே அறிந்திருந்தனர்.

ஆனால், பெரிய காஸ்டர் மேசையை உயர்த்திவிடும். 100 மில்லிமீட்டர் சக்கரமுள்ள காஸ்டரின் மொத்த உயரம் ஏறத்தாழ 130 மில்லிமீட்டர். 85 சென்டிமீட்டர் உயரமான மேசை 98 சென்டிமீட்டராகிவிடும். அந்த உயரத்தில் இழைப்புளியின்மேல் உடலைச் சாய்க்க முடியாது. தோள் மட்டுமே உழைக்கும். மேசையின் கால்களை அந்த அளவுக்கு வெட்டிவிடலாம். ஆனால், ஒருமுறை வெட்டிய காலை மீண்டும் வளர்க்க முடியாது என்று தச்சர் தயங்குவது இயல்பே.

ஐந்தடி நடைபாதைக்கும் ஒரு குணம் உண்டு. மழைநீர் வடிகாலுக்கு ஓடுவதற்காக அது சற்றுச் சரிவாக அமைக்கப்பட்டிருக்கும். 100 சென்டிமீட்டருக்கு 3 சென்டிமீட்டர் சரிவு கண்ணுக்கே தெரியாது. அந்தச் சரிவில் 150 கிலோகிராம் மேசையைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 45 நியூட்டன். மேசையை உருட்டத் தேவையான விசையும் 45 நியூட்டன்தான் என்று மேலே கண்டோம். பிரேக் அழுத்த மறந்தால், யாரும் தொடாமலேயே மேசை வடிகாலை நோக்கிப் புறப்படலாம்.

நான்கு கால்களிலும் நிலையாகச் சக்கரம் பொருத்தினால் எழும் தொல்லைகள் இவை. இதற்கு மாற்று வழி ஒன்று நம் அனைவரின் வீட்டிலும் இருக்கிறது: பயணப்பெட்டி. பெர்னார்ட் சேடோ என்னும் அமெரிக்கர் பயணப்பெட்டிக்குச் சக்கரம் பொருத்தி 1972இல் காப்புரிமை பெற்றார். அவருடைய பெட்டி நான்கு சிறு சக்கரங்களில் நின்றது. ஒரு வாரால் அதை இழுத்துச் செல்ல வேண்டும். 1987இல் ராபர்ட் பிளாத் என்னும் விமானி வேறு விதமாகச் சிந்தித்தார். பெட்டியை நிமிர்த்தி, ஓர் ஓரத்தில் இரண்டு சக்கரங்களையும் மேலே நீளும் கைப்பிடியையும் பொருத்தினார். சாய்த்தால் பெட்டி உருளும். நிமிர்த்தி வைத்தால் மறு ஓரத்திலுள்ள கட்டைகள் தரையில் ஊன்றிக்கொள்ள, பெட்டி அசையாமல் நிற்கும். பிரேக்கே தேவையில்லை.

இந்த வழியை மேசைக்கும் பயன்படுத்தலாம். ஒரு பக்கத்து இரு கால்களின் வெளிப்புறத்தில், தரையிலிருந்து மயிரிழை மேலே நிற்கும்படி சக்கரங்களைப் பொருத்த வேண்டும். மறுபக்கத்தைத் தூக்கினால் மேசை சாய்ந்து சக்கரங்கள் தரையைத் தொடும். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைப்போல் தள்ளிச் செல்லலாம். இறக்கி வைத்தால் நான்கு மரக்கால்களும் தரையில் ஊன்றும். மேசையின் உயரம் மாறாது. கால்களை வெட்ட வேண்டாம். செலவும் மிகக் குறைவு. 40 கிலோகிராம் எடையுள்ள சிறிய மேசைக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. தூக்க வேண்டியது பாதி எடையான 20 கிலோகிராம் மட்டுமே. நம் தச்சரின் மேசையிலோ பாதி எடை 75 கிலோகிராம். இடுப்பு வலிக்குப் பின் அவரிடம் அதைத் தூக்கச் சொல்வது எப்படி?

ஆகவே, தூக்கும் வேலையையும் ஒரு பொறியிடம் ஒப்படைக்க வேண்டும். நெம்புகோலை நாம் அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். மேசையின் ஒரு பக்கத்து இரு கால்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தில், கீல்களைக் கொண்டு ஒரு தடித்த பலகையைப் பொருத்துவோம். அந்தப் பலகை மேசையின் அடியில் உட்புறம் நோக்கி நீள வேண்டும். வெளியே நீண்டால் கால் இடறும். பலகையின் அடியில், கீலிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு காஸ்டர்கள். காஸ்டரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் பலகையின் மறுமுனை. இப்போது அந்த முனையைக் காலால் மிதித்தால் என்ன நடக்கும்? சீசாப் பலகையில் நடப்பதுதான். சக்கரம் நடுத்தாங்கியாகிறது, மிதித்த முனை கீழே செல்ல, கீல் இருக்கும் முனை மேலே எழுந்து மேசையையும் சற்று உயர்த்துகிறது. அந்தப் பக்கம் தாங்கும் எடை 750 நியூட்டன். மிதிக்கும் கை மூன்று மடங்கு நீளமாக இருப்பதால் 250 நியூட்டன் போதும். 50 கிலோகிராம் எடையுள்ள ஒரு மாணவி தன் எடையில் பாதியைச் செலுத்தினாலே மேசை எழுந்துவிடும்.

மேசை தரையிலிருந்து 10 மில்லிமீட்டர் எழுந்தால் போதும். வாசற்படி இருந்தால் இன்னும் சற்று உயர வேண்டும். எழுந்த நிலையிலேயே அது நிற்க, மேசையின் அடியில் இன்னொரு கீலில் ஒரு முட்டுச் சட்டத்தைத் தொங்கவிட வேண்டும். பலகை தாழ்ந்ததும் அந்தச் சட்டம் தானாக விழுந்து பலகையின்மேல் ஊன்றி, அது மீண்டும் எழாமல் தடுக்கும். சட்டத்தில் ஒரு கயிற்றைக் கட்டி மேசையின் பக்கவாட்டில் விட்டால், இறக்க வேண்டியபோது அதை இழுத்துவிடலாம். தேரின் முட்டுக்கட்டை சக்கரத்தை நிறுத்தியது. இங்குள்ள முட்டோ சக்கரத்தை உழைக்க வைக்கிறது. முட்டு விலகினால் சக்கரம் ஓய்வெடுக்கிறது, மேசை தன் கால்களில் நிற்கிறது. மறுபக்கத்திற்கும் இதேபோன்ற பலகை ஒன்று வேண்டும்.

எந்தக் காஸ்டரை வாங்குவது? கடைவீட்டில் மேசை பெரும்பாலும் முன்னும் பின்னும் நேராகத்தான் செல்லும். எனவே ஒரு பக்கத்திற்குச் சுழலாத சக்கரங்களும் மறுபக்கத்திற்குச் சுழலும் சக்கரங்களும் பொருந்தும். நான்கும் சுழன்றால் மேசையைப் பக்கவாட்டில் தள்ள எளிதாக இருக்கும். ஆனால் நேராகச் செலுத்தும்போது நண்டுபோல் விலகும். நைலான் சக்கரம் எளிதாக உருளும். சிமெண்டுத் தரையில் அதன் ஓசையை அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் சக்கரம் ஓசையின்றிச் செல்லும். ஆனால் நெடுநாள் ஒரே இடத்தில் சுமை தாங்கி நின்றால் அடிப்பகுதி தட்டையாகிவிடும். மேசை பெரும்பாலும் தன் கால்களிலேயே நிற்கப்போவதால் இங்கே அந்தக் குறை பெரிதாகத் தோன்றாது. பாலியூரித்தேன் சக்கரம் இரண்டிற்கும் இடைப்பட்டது. கடற்காற்றும் ஈரப்பதமும் மிகுந்த தீவில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், ஆண்டுக்குச் சில முறையேனும் அச்சுக்கு எண்ணெய் இட வேண்டும்.

பொருத்தும்போது பலர் செய்யும் தவறு ஒன்றுண்டு. காலின் அடிமுனையில் நேராகத் திருகாணியைச் செலுத்துவர். மரத்தின் நார்கள் நீளவாக்கில் ஓடுவதால், முனையில் செலுத்திய திருகாணி நார்களுக்கு இடையே நழுவி, அதிர்வில் மெல்ல வெளியேறிவிடும். நாரின் குறுக்கே துளையிட்டு, போல்ட்டும் நட்டும் கொண்டு இறுக்க வேண்டும். நட்டுக்கு அடியில் அகன்ற வாஷர் இருந்தால் மரம் நசுங்காது. நம் தச்சர் இதைச் சொல்லிக்கொடுக்கும் அவசியமின்றியே அறிவார்.

உருட்டும் முறையிலும் கவனம் தேவை. மேலே வைத்துள்ள உளி, சுத்தியல் ஆகியவற்றை முதலில் எடுத்துவிட வேண்டும். மேசையை அதன் நீளவாக்கில், மேற்பலகைக்குச் சற்றுக் கீழே பிடித்துத் தள்ளுவது நல்லது. உச்சியைப் பிடித்து வேகமாகத் தள்ளும்போது சக்கரம் ஏதேனும் மரத்துண்டில் முட்டினால், அடிப்பகுதி நின்றுவிட மேற்பகுதி முன்னே பாயும். கனமான வைஸ் ஒரு பக்கத்தில் இருந்தால் மேசை அந்தப் பக்கமே சாயும். உருட்டுவதற்கு முன் தரையைப் பெருக்குவது அழகுக்காக அல்ல.

எல்லாம் பொருத்தி முடிந்த பின் ஒரு சோதனை செய்யலாம். மேசையை வேலை செய்யும் இடத்திற்கு உருட்டிவந்து, கயிற்றை இழுத்துக் கால்களைத் தரையில் இறக்குங்கள். ஒவ்வொரு காலைச் சுற்றியும் தரையில் பென்சிலால் ஒரு கோடு வரையுங்கள். கடினமான மரம் ஒன்றை வைஸில் பூட்டிப் பத்து நிமிடங்கள் இழையுங்கள். பின்னர்க் குனிந்து பாருங்கள். கோட்டை விட்டுக் கால் விலகியிருந்தால், எங்கோ ஒரு சக்கரம் இன்னும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு தாளை ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் நுழைத்துப் பாருங்கள். எந்தச் சக்கரத்தின் அடியில் தாள் நுழையவில்லையோ, அந்தக் காஸ்டரைத்தான் கழற்றிச் சற்று உயர்த்திப் பொருத்த வேண்டும்.